நான்காவது வயல்

கார்த்திகை மாதக் கடைசியில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அதில் நான்கு சர்வே எண்கள் இருந்தன. பால் சொசைட்டிக்குப் போய்விட்டுத் திரும்பிய பிராமி நின்று படித்தாள். ஒவ்வொரு எண்ணும் யாருடைய வயல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தவளின் விரல் நான்காவது எண்ணில் நின்றது. அது அவளுடைய வயல்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தை மாதம் அதிகாரிகள் வந்து அந்த நான்கு வயல்களிலும் கயிறு கட்டி, அறுத்து, எடை போட்டு, ஊரின் விளைச்சல் இவ்வளவு என்று எழுதிக்கொண்டு போவார்கள். அந்த ஆண்டு சித்தேரிப் பாசனத்தில் பச்சையாக நின்றது அவளுடைய ஒரு ஏக்கர் மட்டும்தான். நாலு பேர் கண்ணில் படட்டும், கவர்மெண்டு காகிதத்தில் ஏறட்டும் என்று நினைத்துக்கொண்டே திருப்பருத்திக்குன்றத்து வீட்டுக்கு வேகமாக நடந்தாள்.

மழை ஏமாற்றிய ஆண்டு அது. ஐப்பசியில் இரண்டு நாள் தூறியதோடு வானம் வெளுத்துவிட்டது. சித்தேரி மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. அதை நம்பி நட்ட அறுபது ஏக்கர் சம்பாவும் கதிர் வெளியே வரும் நேரத்தில் தண்ணீருக்கு ஏங்கி நின்றது. கார்த்திகை பாதியில் மதகைத் தூக்கியபோது சேறும் கெளுத்தி மீனும்தான் வந்தன. கிணறு வைத்திருந்தவர்கள் அடிப்பாறை தெரியும்வரை இறைத்தார்கள். இரண்டு பேருடைய போரில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது.

பிராமியின் போரும் ஒன்றும் ஊற்றெடுத்துக் கொட்டும் போர் இல்லை. முக்கால் மணி நேரம் ஓடினால் அதற்கு மூச்சு வாங்கும். ஆனால் அவள் அந்த ஆண்டு வேறு மாதிரி பயிர் வைத்திருந்தாள். வேளாண்மைத் துறைக்குப் புதிதாக வந்த உதவி அலுவலர் ஹர்ஷினி, இருபத்தேழு வயசுப் பெண், ஆடி மாதம் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் ஒரு முழ நீளத்துக்கு வெட்டிய பிளாஸ்டிக் குழாய்களை இலவசமாகக் கொடுத்தாள். குழாயைச் சுற்றி ஓட்டை போட்டிருக்கும். வயலில் அதைப் பாதிக்கு மேல் புதைத்துவிட்டால், மண்ணுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். முக்கால் சாண் இறங்கும்வரை தண்ணீர் கட்டவே வேண்டாம், வேருக்கு அது போதும் என்றாள். நெல் என்றால் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று பழகிய ஊர். "ஓட்ட குழா வெச்சா நெல்லு வெளைஞ்சிடுமா?" என்று சிரித்தார்கள். வாங்கிய குழாய்களை வேலி முனையில் செருகிவிட்டு மறந்தும் போனார்கள்.

பிராமி சிரிக்கவில்லை. இரண்டரை ஏக்கரில் ஒன்றை மட்டும் வரிசை நடவு நட்டு, மீதியைத் தரிசாகப் போட்டாள். தினமும் இரண்டு வேளை குனிந்து குழாயை எட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறு வயசில் இப்படி ஒரு புதுப் படிப்பு. தண்ணீர் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கினால்தான் மோட்டார். மற்றவர்கள் தொட்டியாகக் கட்டி வைத்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான் அவளுக்குச் செலவானது. மார்கழி பிறக்கும்போது அவளுடைய கதிர்கள் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தன.

காகிதம் ஒட்டிய நான்காம் நாள் சாயங்காலம் மணிவண்ணன் ஐந்து பேரோடு வீட்டுக்கு வந்தார். ஏரிப் பாசனச் சங்கத்தின் தலைவர் அவர். அவருடைய ஐந்து ஏக்கரும் காய்ந்து போயிருந்தது. பிராமியின் கணவர் ரிஷபதாஸ் பிள்ளையார்பாளையத்தில் பருப்புக் கடை வைத்திருப்பவர். ஊரார் நயினார் என்று கூப்பிடும் சமணக் குடும்பம்; பொழுது சாய்வதற்குள் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தவர்கள் கூப்பிடும்போது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நயினாரே, சாப்டாச்சா? ஒரு விஷயம் பேசணும்."

நாற்காலி போட்டும் யாரும் உட்காரவில்லை. மணிவண்ணன் பிராமியைப் பார்த்துத்தான் பேசினார்.

"பேப்பர் பாத்திருப்பீங்க நயினாரம்மா. நாலு வயல்ல மூணு வயலு ஏழு மூட்டை, எட்டு மூட்டை தேறுனா பெரிசு. உங்களுது முப்பது போவும். நாலையும் கூட்டி வகுப்பாங்க. ஏக்கருக்குப் பன்னெண்டு மூட்டைக்குக் கீழ இருந்தாதான் பயிர் இன்சூரன்ஸ் வரும். உங்க வயலு சேந்தா பதிமூணுக்கு வந்துடும். ஊரே நல்லா வெளைஞ்சிருக்குதுன்னு எழுதிட்டுப் போயிடுவான். ஒருத்தருக்கும் கெடைக்காது."

"அதுக்கு நாங்க இன்னா பண்றது?" என்றார் ரிஷபதாஸ்.

மணிவண்ணன் குரலைத் தாழ்த்தினார். "மோட்டார நிறுத்திடுங்க. இப்பதான் பால் புடிச்சிக்கினு இருக்குது. ஒரு பதினஞ்சு நாளு தண்ணி காட்டலன்னா தானா பதராயிடும். யாரும் யாரையும் கேள்வி கேக்க முடியாது. நீங்களும் இன்சூரன்ஸ் கட்டியிருக்கீங்களே, உங்களுக்கும் வரும்."

பிராமி முன்னால் வந்தாள். "நீங்க எல்லாம் சிரிச்சப்ப நான் அந்தக் குழாய எட்டிப் பாத்துக்கினு கெடந்தேன்" என்றாள். "விதை நெல்லுக்கு வெச்சிருக்கேன். இப்ப வந்து காய வெக்க சொல்றீங்க."

"சிரிச்சது தப்புதாம்மா. அதுக்கு கால்ல வுழ சொன்னாலும் வுழறேன். நாப்பத்தி மூணு குடும்பம்மா."

"பொய்க்கு எங்கள கூப்பிடாதீங்க மணிவண்ணன்" என்றார் ரிஷபதாஸ். குரலை அவர் உயர்த்தவில்லை. "கயிறு எங்க வுழுதோ வுழட்டும். என்ன வருதோ அத எழுதட்டும்."

அவர்கள் சண்டை போடவில்லை. வந்த மாதிரியே போனார்கள். வாசல் தாண்டியதும் யாரோ ஒருவர், "எல்லாரும் செத்தப்புறம் ஒருத்தர் மட்டும் நல்லா இருந்து இன்னா பண்றது" என்று சொன்னது உள்ளேவரை கேட்டது.

அதற்குப் பிறகும் ஊரில் யாரும் பிராமியிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சொசைட்டியில் வரிசை விட்டார்கள், வழியில் கண்டால் தலையசைத்தார்கள். ஆனால் அவள் போய் நின்றால் பேச்சு நின்றது. அவள் நகர்ந்ததும் தொடங்கியது. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். வடிவு ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

வடிவு பக்கத்து வயல்காரி. வயல்காரி என்றாலும் நிலம் அவளுடையது இல்லை. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் கலியாணசுந்தரம் என்பவருக்குச் சொந்தமான ஒரு ஏக்கரைப் பதினேழு ஆண்டாகக் குத்தகைக்குப் பயிர் செய்தாள். கணவன் இறந்தபிறகு அந்த ஒரு ஏக்கரை வைத்துத்தான் மகள் ஸ்ருதியை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பிராமியைவிட ஐந்தாறு வயசு மூத்தவள். பிராமிக்குக் கர்ப்பப்பை எடுத்த ஆண்டு இரண்டு மாதம் இவளுடைய வயலையும் சேர்த்துப் பார்த்தவள் அவள். கூலி என்று பேச்செடுத்தபோது, "அடுத்த வாட்டி எனக்கு எடுப்பாங்க, அப்ப நீ பாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை பிராமி வரப்போடு போனபோது வடிவின் வயலில் ஏழெட்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வடிவு வரப்பில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது? யாரு ஆடு?"

"நான்தான் வுட சொன்னேன். வைக்கோலுக்கும் ஆவாது. அதுங்களாவது தின்னட்டும்."

பிராமி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடுகள் காய்ந்த தாளை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஊரே வந்து கேட்டுச்சே, நீ ஏங்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

"எப்டி கேக்கறது? எம் பயிரு காயறப்ப எனக்கு வயிறு எப்டி எரிஞ்சிச்சின்னு எனக்குத்தான் தெரியும். அத நீயும் ஒக்காந்து பாருன்னு ஒன்ன சொல்ல சொல்றியா?"

"ஒனக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?"

"இருக்குது. பொரட்டாசிலயே கட்டப் போனேன். நெலத்துக்கார ஐயாவோட பேங்க்லயே பணம் புடிச்சிட்டாங்களாம், ஒரே நெலத்துக்கு ரெண்டு வாட்டி கட்டக் கூடாதுன்னுட்டாங்க. அது வந்துச்சின்னா ஸ்ருதி படிப்பு ஓடிடும்." அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "வரலன்னாலும் பாத்துக்கலாம். நீ போயி தண்ணி கட்டு. த்ரீ பேஸ் வந்துடுச்சி பாரு."

பிராமி மோட்டார் கொட்டகைக்குப் போனாள். ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று சிவப்பு விளக்குகளும் எரிந்தன. பச்சைப் பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. பிறகு கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, மாட்டுக்குத் தவிடு கலக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள்தான் ரிஷபதாஸ் கேட்டார். அவர் கடைக்குப் போகும் வழி வயலோரமாகத்தான் போகிறது.

"மோட்டார் ஓடலியே?"

"போடல."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "வடிவுக்காகவா?"

"எல்லாருக்காவவும்தான்."

"பொய் சொல்றது ஒரு பக்கம் இருக்கட்டும் பிராமி. அதுவும் உசிருதானே. பச்சையா நிக்கறத பட்டினி போட்டு சாவடிக்கற."

குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அதில் ஒட்டிய சிற்றுயிர்கள் சாகாமலிருக்க அந்தத் துணியையும் எடுத்த கிணற்றிலேயே அலசுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் வந்தது.

"அறுபது ஏக்கர் காஞ்சிச்சே, அதுக்கெல்லாம் உசிரு இல்லியா?"

"அது வானம் பண்ணிச்சி. இத நீ பண்ற."

அவர் எழுந்து போய் மோட்டாரைப் போட்டிருக்கலாம். பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். போடவில்லை. அன்றிலிருந்து அவர் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டார். பாவம் கழிக்க அவர்கள் வீட்டில் வழக்கமாகச் செய்வது அது.

பயிர் ஒரே நாளில் சாகாது. முதல் நான்கு நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு உச்சி வெயிலில் இலைகள் குழல் போலச் சுருண்டுகொண்டன. சாயங்காலம் விரிந்தன. எட்டாம் நாள் சாயங்காலமும் விரியவில்லை. குழாயில் தண்ணீர் போய், ஈரம் போய், கடைசியில் அடியில் வெடித்த மண் தெரிந்தது. பிராமி தினமும் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஒரு மணியைக் கிள்ளி நகத்தால் நசுக்கிப் பார்ப்பாள். தொடக்கத்தில் வெள்ளையாகப் பால் வந்தது. பிறகு பிசுபிசுப்பாக ஏதோ வந்தது. அதற்கப்புறம் உமி மட்டும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கதிர் நிற்கிற மாதிரியே இருக்கும். தலைமட்டும் சாயாது. கனம் இருந்தால்தானே சாயும்.

பதினோராம் நாள் ஹர்ஷினி வந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லாததால் ரிஷபதாசும் வயலில் இருந்தார். ஸ்கூட்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு வரப்பில் ஓடி வந்த ஹர்ஷினி, நேராகக் குழாயிடம் போய்க் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"அக்கா, என்னக்கா இது? ட்யூப் பூரா ட்ரை. எத்தன நாளா தண்ணி விடல?"

"மோட்டார் காயில் போயிடுச்சி மேடம்."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?" அவள் கையிலிருந்த போனை உடனே திறந்தாள். "பாலுசெட்டிச்சத்திரத்துல டேங்கர் வெச்சிருக்கறவர் நம்பர் இருக்குது. இன்னிக்கே நாலு லோடு ஊத்துனா பாதியாவது காப்பாத்திடலாம். காசு நான் குடுக்கறேன்க்கா, அத விடுங்க."

"வேணாம் மேடம்."

"ஏன் வேணாம்? இந்த வட்டாரத்துல இத நம்பி ஒழுங்கா செஞ்சது நீங்க ஒருத்தர்தான். உங்க வயல் போட்டோவ வெச்சித்தான் அடுத்த வருஷத்துக்கு ஐநூறு ஏக்கருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். கலெக்டர் மீட்டிங்ல பேசியிருக்கேன்க்கா."

ஹர்ஷினி ரிஷபதாசின் பக்கம் திரும்பினாள். "சார், மோட்டார் எப்ப ரிப்பேர் ஆச்சி?"

ரிஷபதாஸ் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவளையே கேளும்மா" என்றார். சொல்லிவிட்டு, வயலின் மறுகோடிக்கு நடந்து போனார்.

ஹர்ஷினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கொட்டகைப் பக்கமாக ஒரு தரம் திரும்பினாள். அப்புறம் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்க வெகு நேரம் ஆனது.

பொங்கல் கழிந்து பத்து நாளில் கயிறு கட்ட வந்தார்கள். ஹர்ஷினி, புள்ளியியல் துறைக்காரர் ஒருவர், இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞன். ஊரில் பாதிப் பேர் வரப்பில் நின்றார்கள். காகிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்து, வயல் மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று நடந்து போய் முளை அடித்தார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். கயிற்றுக்கு உள்ளே இருந்ததைப் பெண்கள் அறுத்து, தார்ப்பாயில் அடித்து, முறத்தில் தூற்றினார்கள். தூற்றத் தூற்ற எல்லாம் காற்றோடு போனது. தார்ப்பாயில் நின்றதைக் கூட்டி அள்ளித் தராசுக் கொக்கியில் மாட்டினார்கள்.

"என்னங்க, தூரத்துல இருந்து பாத்தா நல்லா நிக்குது, உள்ள ஒண்ணுமே இல்லியே" என்றான் கம்பெனி இளைஞன். அவன் ஒரு மணியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்தான்.

பதினாலு கிலோ வர வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ வந்தது. ஹர்ஷினி அதைப் போனில் ஏற்றினாள். கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டியபோது அவள் பிராமியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிராமி பெயரை எழுதினாள்.

எல்லாரும் போனபிறகு மணிவண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று சாயங்காலம் யாரோ வீட்டு வாசலில் ஒரு கட்டுக் கரும்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ரிஷபதாஸ் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்.

பணம் வருவதற்கு ஆவணி ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊரில் ஒவ்வொரு போனாகக் கூவியது. மணிவண்ணனுக்கு வந்தது. போரில் காற்று வந்த இளவரசனுக்கு வந்தது. அரை ஏக்கர் வைத்திருந்தவர்களுக்கும் வந்தது. பிராமிக்கும் வந்தது. டீக்கடையில் யாரோ எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்கள். வடிவு தன் போனை எடுத்துக்கொண்டு பிராமியிடம் வந்தாள்.

"என்னுது ஒண்ணும் காணோம். இதுல டவர் இல்லியா, பாரு."

டவர் இருந்தது. திங்கட்கிழமை இருவரும் பேங்குக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமைசாலி. சர்வே எண்ணைக் கேட்டு இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

"இந்த நம்பருக்கு வந்துடுச்சேம்மா. பட்டாதாரர் கலியாணசுந்தரம். அவரோட பயிர்க்கடன் அக்கவுண்ட்ல ஏறி, பாக்கியில கழிஞ்சிடுச்சி. சிஸ்டமே எடுத்துக்கும்."

"பயிர் வெச்சது நான் சார்" என்றாள் வடிவு.

"இருக்கலாம்மா. வி.ஏ.ஓ. எழுதற அடங்கல்ல உங்க பேர் இல்லியே. குத்தகைன்னு எழுதி வாங்கியிருக்கீங்களா?"

வடிவு பிராமியைப் பார்த்தாள். பதினேழு ஆண்டில் அப்படி ஒரு காகிதம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிராமிக்கும் தோன்றவில்லை.

பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தே போனார்கள். கலியாணசுந்தரம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் நூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். எழுபதை நெருங்கியவர். விஷயத்தைக் கேட்டதும் போனைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டு, பேங்கிலிருந்து வந்த செய்தியை வடிவிடம் காட்டினார்.

"சத்தியமா என் கைக்கு வரலம்மா. ஜரிகை வாங்கத்தான் அந்த நெலத்து மேல லோன் போட்டேன். இன்சூரன்ஸ் அவங்களே புடிச்சாங்க. அது ஒன்ன சேரும்னுதான் நானும் நெனச்சிக்கினு இருந்தேன். நான் ஏமாத்தலம்மா."

"நீங்க ஏமாத்துனீங்கன்னு சொல்லலிங்க ஐயா" என்றாள் வடிவு.

அவர் உள்ளே திரும்பிக் காபி கொண்டுவரச் சொன்னார். டம்ளரைக் கையில் கொடுத்தபிறகுதான் மீதியைச் சொன்னார். "இந்த வருஷம் குத்தகை வேணாம்மா, வுட்டுடு. ஆனா ஒண்ணு. அந்தப் பக்கம் பூரா பிளாட் போடறாங்க. ஆளுங்க வந்து கேட்டுக்கினே இருக்காங்க. ஏரியிலயும் தண்ணி இல்ல. சித்திரையில குடுத்துடலாம்னு இருக்கேன். ஒன்கிட்ட சொல்லாம செய்யக் கூடாதில்ல."

வடிவு காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டாள்.

திரும்பும் வழியில் பிராமி என்னென்னவோ சொல்ல நினைத்தாள். தனக்கு வந்ததைக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தாள். வடிவு தலையை ஆட்டி நிறுத்தினாள். தெரு முனையில் டவுன் பஸ்ஸுக்காக நிற்கும்போது, பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீயாவது தின்னிருக்கலாம் பிராமி."

கோபமாகச் சொல்லியிருந்தால் பிராமியால் தாங்கியிருக்க முடியும். அவள் அப்படிச் சொல்லவில்லை.

அந்த வாரம் பிராமி ஹர்ஷினிக்குப் போன் செய்தாள். ஹர்ஷினி உத்திரமேரூர்ப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தாள். நலம் விசாரித்துவிட்டு பிராமி குழாய்த் திட்டத்தைப் பற்றிக் கேட்டாள்.

"அது இல்லக்கா இப்ப. உங்க டெமோ வயல்ல ஏக்கருக்கு நாலு மூட்டைன்னு போயிடுச்சி இல்ல. இந்த வட்டாரத்துக்கு ஒத்து வராதுன்னு எழுதி மூடிட்டாங்க."

"மேடம், மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சி."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"தெரியும்க்கா" என்றாள் ஹர்ஷினி. "அன்னிக்கே போறப்ப கொட்டாய் ஜன்னல் வழியா பாத்தேன். காயில் போயிருந்தா மோட்டார வெளிய தூக்கியிருக்கணும், ஒயரு, பைப்பு எதையும் யாரும் தொட்ட மாதிரியே இல்ல."

"நான் வேணா வந்து எழுதிக் குடுத்துடறேன். குழாய் மேல தப்பு இல்லன்னு."

"வேணாம்க்கா. இப்ப எழுதுனா ஊர்ல எல்லார்கிட்டயும் பணத்தத் திருப்பிக் கேப்பாங்க. கேஸ் ஆவும். நானும் கையெழுத்து போட்டிருக்கேன். தெரிஞ்சே போட்டேன்க்கா. விடுங்க. நான் வெக்கறேன்."

புரட்டாசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. ஏரியில் அரைவாசி தண்ணீர் சேர்ந்தது. ஊரில் நாற்று விட்டார்கள். வடிவு விடவில்லை; விதைக்கும் உழவுக்கும் கையில் காசு இல்லை. ஸ்ருதி படிப்பை நிறுத்திவிட்டு காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வடிவு ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். விடிவதற்கு முன் செவிலிமேட்டுக்குப் போய் நின்றால் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். பிராமி ஒரு நாள் பால் கறந்துவிட்டு வெளியே வந்தபோது, நீல நிறக் கோட்டு மாட்டிக்கொண்டு வடிவு வேகமாக நடந்து போவதைப் பார்த்தாள். கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் அவள் தெரு முனை திரும்பிப் போய்விட்டாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவு தானாகவே வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. எட்டு மணி நேரமும் நின்றபடியே செய்யும் வேலை என்றாள். பிராமி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவள் வாளியில் காலை வைத்துக்கொண்டு, கம்பெனியில் எவ்வளவு குளிராக இருக்கிறது, பாத்ரூம் போகவும் சூப்பர்வைசரிடம் எப்படிச் சீட்டு வாங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"வர்ற வழியில பாத்தேன். ஒன் நெலம் பூரா சும்மா கெடக்குது. இந்த வருஷம் நடலியா?"

"இல்லக்கா."

"ஏன்? ஏரியில தண்ணி இருக்குதே."

பிராமி வாளியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். "ஆளு கெடைக்கல" என்றாள்.

ஆள் கிடைக்காமல் இல்லை என்று வடிவுக்குத் தெரியும். இருந்தாலும் தலையாட்டினாள். காலைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.